ஒற்றைக் கை, 4 மரப்படகு, 99 நாள்: கிராண்ட் கேன்யன் ஆற்றை முதலில் கடந்த ஜான் வெஸ்லி பவல் யார்?

மலை ஆற்றில் கயாக் பயணம் போகிறவர்கள் இன்று முதலில் என்ன செய்வார்கள்? மேப் பார்ப்பார்கள். தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று மொபைலில் செக் பண்ணுவார்கள். எந்த இடத்தில் நீர்ச்சுழி, எந்த இடத்தில் பாறை, எங்கே கரையேறலாம் என எல்லாவற்றையும் குறித்து வைத்துக்கொள்வார்கள். லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை.

இதில் ஒன்றுகூட இல்லாத காலத்தில், அமெரிக்காவின் மிக ஆபத்தான ஆறுகளில் ஒன்றில் படகை இறக்கினார் ஒருவர். அவருக்கு வலது கை கிடையாது. அவர் பெயர் ஜான் வெஸ்லி பவல்.

1869-ம் ஆண்டு 10 பேரோடு கிளம்பிய அந்தப் பயணத்தை, பவலோடு சேர்த்து 6 பேர்தான் முடித்தார்கள். ஒருவர் பாதி வழியில் நடையைக் கட்டினார். 3 பேர் கடைசி நேரத்தில் பிரிந்து போனார்கள், உயிரோடு திரும்பவே இல்லை. இந்தப் பயணம் எப்படித் திட்டமிடப்பட்டது? எங்கே சறுக்கியது? அந்த ஆற்றில் பவல் கற்றது பிறகு எதற்குப் பயன்பட்டது?

யார் இந்த பவல்?

1834 மார்ச் 24 அன்று நியூயார்க் மாகாணத்தின் மவுன்ட் மோரிஸில் பிறந்தவர் பவல். பெற்றோர் இங்கிலாந்தில் இருந்து குடியேறியவர்கள். அப்பா மெதடிஸ்ட் போதகர், அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். குடும்பம் ஓஹையோவின் ஜாக்சன் நகரில் இருந்தபோது, அப்பாவின் கருத்துக்காகப் பள்ளியில் மற்ற பையன்கள் சின்ன பவலை அடித்தார்கள், கல்லெறிந்தார்கள். அதனால் பள்ளியை விட்டு, ஜார்ஜ் குரூக்கம் என்பவரிடம் தனியாகப் படிக்க வேண்டியதாயிற்று. அவர் விவசாயி, இயற்கை ஆர்வலர். பாறை, செடி, விலங்கு என்று வெளியே கூட்டிப் போய்க் காட்டிக் காட்டியே சொல்லிக் கொடுத்தார்.

பவலுக்கு ஆற்றுப் பித்து வந்தது 20 வயதுக்கு மேல். 1856-ல் செயின்ட் அந்தோணி அருவியில் இருந்து கடல் வரை மிசிசிப்பி ஆற்றில் துடுப்புப் போட்டே போனார். அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க்கில் கிளம்பி ஓஹையோ ஆறு, அதற்கடுத்த ஆண்டு இல்லினாய் ஆறு. மூன்று கல்லூரிகளில் படித்தார், ஆனால் ஒன்றிலும் பட்டம் வாங்கவில்லை.

கை போனது எப்படி?

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்ததும் வடக்கு மாகாணங்களின் படையில் சேர்ந்தார். அந்த ஆண்டு நவம்பரில் எம்மா டீனைத் திருமணம் செய்துகொண்டார். 1862 ஏப்ரல் 6-ம் தேதி ஷைலோ போர்க்களத்தில், பீரங்கிக்குச் சைகை கொடுக்கக் கையைத் தூக்கியபோது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள். பவல் குணமானதும் மறுபடியும் போர்முனைக்கே போனார். மேஜராக வெளியே வந்தார். வெட்டுப்பட்ட இடத்தில் நரம்பு வலி மட்டும் வாழ்நாள் முழுக்கக் கூடவே இருந்தது.

போர் முடிந்ததும் இல்லினாயில் புவியியல் பேராசிரியரானார். 1867, 1868-ல் மாணவர்களையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு ராக்கி மலைத் தொடருக்குப் போனார். 1868 ஆகஸ்டில் லாங்ஸ் பீக் சிகரத்தில் அவரது குழு ஏறியது. அதற்கு முன்பு யாரும் அந்த உச்சியைத் தொட்டதாகப் பதிவு இல்லை. அந்தக் குளிர்காலத்தை வைட் ஆற்றங்கரையில், யூட் பழங்குடிகளுக்குப் பக்கத்திலேயே கழித்து அவர்கள் மொழியைக் கற்றுக்கொண்டார்.

மேப்பில் வெற்றிடமாக இருந்த ஆறு

அந்தக் காலத்து அமெரிக்க மேப்பில், கொலராடோ ஆறும் அதன் கிளையான கிரீன் ஆறும் ஓடும் பகுதியில் பெரிய வெற்றிடம் இருந்தது. ஆறு எங்கே தொடங்குகிறது, எங்கே கடலில் சேர்கிறது என்று தெரியும். நடுவில் நூற்றுக்கணக்கான மைல் தூரம் என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது.

வதந்திகளுக்கோ பஞ்சமே இல்லை. நயாகரா மாதிரி அருவிகள் இருப்பதாக ஒரு பேச்சு. ஆறு பூமிக்குள் புகுந்து மறைவதாக இன்னொரு பேச்சு. இருபுறமும் செங்குத்துப் பாறை என்பதால், உள்ளே போய்விட்டால் பல இடங்களில் திரும்பி வரவும் முடியாது, மேலே ஏறவும் முடியாது.

தெரிந்த ஒரே கணக்கு உயரம்தான். கிளம்பும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் 5,000 அடிக்கு மேல் வித்தியாசம். ஆறு அவ்வளவையும் இறங்கியாக வேண்டும். சீராக இறங்குமா, இல்லை ஒரே இடத்தில் தடாலென்று விழுமா? படகில் போனால்தான் தெரியும்.

பவல் போட்ட பிளான்

முதல் வேலை படகு. சிகாகோவில் 4 படகுகள் கட்டச் சொன்னார். மூன்று படகுகள் ஓக் மரம், 21 அடி நீளம். நான்காவது பைன் மரம், 16 அடி. பெரிய படகுகளின் முன்னும் பின்னும் தண்ணீர் புகாத அறைகள். படகில் தண்ணீர் நிரம்பினாலும் மூழ்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. சின்னப் படகுக்கு மனைவியின் பெயரான எம்மா டீன் என்றே பெயர் வைத்தார்.

அடுத்தது போக்குவரத்து. 1869 மே 10-ம் தேதிதான் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதை முழுமையானது. கிரீன் ஆற்றின் மேலேயே அந்தப் பாதை போகிறது. அதனால் படகுகளை ரயிலில் ஏற்றி, வயோமிங்கில் ஆற்றங்கரையிலேயே இறக்க முடிந்தது.

மூன்றாவது சாப்பாடு. 10 மாதத்துக்கான உணவு. நடுவில் குளிர்காலம் வந்து ஆறு உறைந்தால் பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடலாம் என்பது கணக்கு. ராணுவக் கிடங்கில் இருந்து உணவுப் பொருள் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. ஆனால் பயணச் செலவுக்கு அரசு பணம் தரவில்லை. இல்லினாயின் கல்வி அமைப்புகள் கொஞ்சம் கொடுத்தன, மீதி பவலின் சொந்தப் பணம்.

நான்காவதுதான் ரொம்ப முக்கியம். உணவு, துணி, தோட்டா, கருவிகள் எல்லாவற்றையும் மூன்று பெரிய படகுகளுக்கும் சமமாகப் பிரித்தார். ஒரு படகு போனாலும் மற்ற இரண்டை வைத்துப் பயணத்தைத் தொடரலாம். இன்றும் நீண்ட ஆற்றுப் பயணங்களில் இதே விதியைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

ஐந்தாவது சிக்னல். எம்மா டீனில் பவல் முன்னால் போவார். ஆபத்து தெரிந்தால் கொடியை அசைப்பார். பின்னால் வரும் படகுகள் உடனே கரை ஒதுங்க வேண்டும்.

பிளானில் இருந்த ஓட்டை என்ன?

காகிதத்தில் எல்லாம் சரிதான். ஆனால் படகு தப்பு. அந்த வகைப் படகு ஏரியிலும் துறைமுகத்திலும் நேராக, வேகமாகப் போவதற்கானது. சட்டென்று திருப்ப முடியாது. மலை ஆற்றில் உயிர் பிழைக்கத் தேவையானதே சட்டென்று திரும்புவதுதான்.

இன்னொரு சிக்கல், துடுப்புப் போடுகிறவர் ஆறு போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். எதிரே வரும் பாறையை அவரால் பார்க்கவே முடியாது. கீழ்நோக்கிப் பார்த்து உட்கார்ந்து, வேகத்தைக் குறைத்தபடி படகைத் திருப்பும் முறையை 1890-களில்தான் நாதானியேல் காலவே என்ற வேட்டைக்காரர் இந்த ஆறுகளில் பிரபலமாக்கினார்.

ஆட்கள்? அதுவும் அப்படித்தான். வேட்டைக்காரர்கள், முன்னாள் ராணுவ வீரர்கள், அச்சுத் தொழிலாளி, கோவேறு கழுதை ஓட்டிய இளைஞர், பவலின் தம்பி வால்டர். கடுமையான வாழ்க்கைக்குப் பழகியவர்கள்தான், ஆனால் இப்படிப்பட்ட ஆற்றில் படகு ஓட்டிய அனுபவம் யாருக்கும் இல்லை. உயிர்காப்பு அங்கி ஒற்றைக் கை பவலுக்கு மட்டும்தான்.

முதல் அடி: உடைந்த படகு

1869 மே 24 அன்று பயணம் தொடங்கியது. முதல் இரண்டு வாரம் பெரிய பிரச்னை இல்லை. ஜூன் மாதம் லோடோர் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் ஆறு தன் வேலையைக் காட்டியது.

ஒரு நீர்ச்சரிவுக்கு முன்னால் பவல் கரை ஒதுங்கிக் கொடியைக் காட்டினார். பின்னால் வந்த நோ நேம் என்ற படகால் நேரத்துக்குக் கரையைப் பிடிக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டு போன வெள்ளம் படகைப் பாறையில் மோதி இரண்டாக உடைத்தது. அதில் இருந்த ஓரமெல் ஹவ்லண்ட், அவர் தம்பி செனகா, ஃபிராங்க் குட்மேன் மூவரும் ஆற்றின் நடுவே இருந்த திட்டில் தொற்றிக்கொண்டார்கள். ஜாக் சம்னர் சின்னப் படகை எடுத்துப் போய் அவர்களைக் கரை சேர்த்தார். அந்த இடத்துக்கு இன்றும் டிசாஸ்டர் ஃபால்ஸ் என்றுதான் பெயர்.

ஆட்கள் பிழைத்தார்கள். சாப்பாட்டில் பெரும் பங்கு போச்சு. எல்லாவற்றையும் பிரித்து வைத்த பவலின் திட்டத்தில் ஒரு கவனக்குறைவும் அப்போது வெளிப்பட்டது. காற்றழுத்தமானிகள் அத்தனையும் அந்த ஒரே படகில் இருந்தன.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? காற்றழுத்தமானியை வைத்துத்தான் கடல் மட்டத்தில் இருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று கணக்கிட முடியும். இன்னும் எவ்வளவு இறங்க வேண்டும், அதாவது முன்னால் எவ்வளவு ஆபத்து பாக்கி இருக்கிறது என்று சொல்லும் ஒரே கருவி அது. நல்லவேளையாக, உடைந்த படகின் ஒரு பகுதி கீழே பாறையில் சிக்கி நின்றது. இருவர் போய்க் கருவிகளை மீட்டு வந்தார்கள். கூடவே பவலுக்குத் தெரியாமல் ஏற்றி வைத்திருந்த ஒரு சின்ன விஸ்கி பீப்பாயும் வந்தது.

சில நாளில் முகாமில் தீப்பிடித்துப் பாத்திரங்களும் போயின. ஜூலை தொடக்கத்தில், போதும் என்று குட்மேன் விலகிக்கொண்டார். பத்து பேர் ஒன்பது ஆனார்கள்.

ஒற்றைக் கையோடு பாறையில் தொங்கியவர்

கருவிகளைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் ஏறி அளவெடுப்பது பவலின் வழக்கம். ஒருமுறை செங்குத்துப் பாறையில் ஒரு காலை ஊன்றி, இருக்கும் ஒரே கையால் மேலே ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டவர், அதற்கு மேல் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டார். கையை விட்டால் கீழே பாதாளம்.

மேலே நின்ற ஜார்ஜ் பிராட்லியிடம் கயிறு இல்லை. சட்டென்று தன் நீண்ட உள்ளாடையைக் கழற்றிக் கீழே தொங்கவிட்டார். பவல் பிடியை விட்டு அதைப் பற்றிக்கொள்ள, பிராட்லி மேலே இழுத்துக் காப்பாற்றினார்.

ஒவ்வொரு சரிவிலும் நடந்தது இதுதான்

ஜூலை 17 அன்று கிரீன் ஆறும் அன்று கிராண்ட் என்று அழைக்கப்பட்ட ஆறும் கலக்கும் இடத்தை அடைந்தார்கள். அதற்குக் கீழேதான் கொலராடோ. ஆகஸ்ட் 13 அன்று கிராண்ட் கேன்யனின் மையப் பகுதிக்குள் நுழைந்தார்கள்.

இந்த ஆற்றில் நீர்ச்சரிவுகள் எப்படி உருவாகின்றன? பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளில் திடீர் மழை பெய்தால் வெள்ளம் பெரும் பாறைகளை உருட்டிக்கொண்டு வந்து ஆற்றில் கொட்டும். ஆறு அந்த இடத்தில் குறுகும். மேலே தண்ணீர் குளம் போலத் தேங்கும், கீழே பாறைகளுக்கு நடுவே சீறிப் பாயும். ஆகவே பக்கப் பள்ளத்தாக்கு கண்ணில் பட்டாலே எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பவல் குழுவுக்கு மூன்று வழிகள் இருந்தன. படகையும் சாமானையும் தோளில் தூக்கிக்கொண்டு கரையோரமாக நடப்பது ஒன்று. கரையில் நின்று கயிறு கட்டிப் படகை மெல்ல இறக்குவது இரண்டு. இரண்டுக்கும் கரை வேண்டும். பாறைச் சுவர் நேராகத் தண்ணீரில் இறங்கும் இடங்களில் மூன்றாவது வழிதான் பாக்கி. கண்ணை மூடிக்கொண்டு விடுவது.

ஒவ்வொரு நாளும் நனைந்ததில் சாப்பாடு கெட்டுப் போனது. ஆகஸ்ட் 17 அன்று பன்றி இறைச்சியைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. மீதி இருந்தது பூஞ்சை வாடை அடித்த மாவு 10 நாளுக்கு, கொஞ்சம் உலர்ந்த ஆப்பிள், தாராளமாகக் காபித்தூள். 10 மாதக் கணக்கு மூன்றே மாதத்தில் இந்த நிலைக்கு வந்துவிட்டது. ஒரு பழங்குடித் தோட்டத்தில் காய்த்திருந்த பூசணிகளை எடுத்துச் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 28: பிரிந்த மூவர்

ஆகஸ்ட் 27 அன்று, அதுவரை பார்த்ததிலேயே மோசமாகத் தெரிந்த ஒரு சரிவு குறுக்கே வந்தது. தூக்கிக்கொண்டு போக வழியில்லை. கயிறு கட்டி இறக்கவும் சரியான இடமில்லை.

அன்று இரவு ஓரமெல் ஹவ்லண்ட் பவலைத் தனியாக அழைத்துப் பேசினார். இதற்கு மேல் ஆற்றில் போவது தற்கொலை, பக்கப் பள்ளத்தாக்கு வழியாக மேலே ஏறி மார்மன் குடியிருப்புகளுக்கு நடந்துவிடலாம் என்பது அவர் முடிவு. தம்பி செனகாவும் வில்லியம் டன்னும் அவர் பக்கம்.

பவல் நட்சத்திரங்களைப் பார்த்து இருக்கும் இடத்தைக் கணக்கிட்டார். விர்ஜின் ஆறு கலக்கும் இடம் நேர்க்கோட்டில் சுமார் 45 மைல். ஆற்று வழியில் 80, 90 மைல் இருக்கலாம். சில நாள் பயணம்தான். இரவு முழுக்க மணலில் முன்னும் பின்னும் நடந்தார். நடந்து போவதுதான் சரியோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கடைசிப் பகுதியைப் பார்க்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். மற்ற ஐந்து பேரும் ஆற்றோடு வருவதாகச் சொன்னார்கள்.

காலையில் சண்டையும் இல்லை, சாபமும் இல்லை. பிரிகிறவர்களுக்குத் துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். குறிப்பேடுகளில் ஒரு பகுதியும், எம்மாவுக்கு பவல் எழுதிய கடிதமும், தங்கையிடம் சேர்க்கச் சொல்லி சம்னர் கொடுத்த கைக்கடியாரமும் அவர்களோடு போயின. அந்தப் பக்கம் இருந்தவர்கள் இவர்கள் சாகப் போகிறார்கள் என்று நினைத்தார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் அவர்களைப் பற்றி அதையே நினைத்தார்கள்.

எம்மா டீனைக் கரையிலேயே விட்டுவிட்டு, ஆறு பேரும் இரண்டு படகுகளில் இறங்கினார்கள். சில நிமிடத்தில் சரிவைத் தாண்டிவிட்டார்கள். பார்த்து மிரண்ட அளவுக்கு அது மோசமாக இல்லை. கீழே நின்று துப்பாக்கியால் சுட்டு, மூவரையும் வரும்படி சைகை காட்டிக் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை.

மறுநாளே, ஆகஸ்ட் 29 அன்று, கிராண்ட் கேன்யன் முடிந்து ஆறு திறந்த வெளிக்கு வந்தது. 30-ம் தேதி விர்ஜின் ஆற்றின் முகத்துவாரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார்கள். குழு மொத்தமும் செத்துவிட்டதாக ஏற்கெனவே பத்திரிகைகளில் செய்தி வந்திருந்தது. அந்த மீனவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததே, ஆற்றில் உடைந்த படகுத் துண்டு ஏதாவது வருகிறதா பாருங்கள் என்பதுதான். கிளம்பி 99-வது நாள். சுமார் 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டர்.

மூவரும் என்ன ஆனார்கள்?

கொல்லப்பட்டார்கள். 1870-ல் பவல் மறுபடி அந்தப் பகுதிக்குப் போய், மார்மன் வழிகாட்டி ஜேக்கப் ஹாம்ப்ளின் உதவியோடு ஷிவ்விட்ஸ் பழங்குடிகளிடம் பேசினார். தங்கள் பெண் ஒருத்தியைக் கொன்ற சுரங்கக்காரர்கள் என்று தவறாக நினைத்துத் தாங்கள்தான் கொன்றதாக அவர்கள் சொன்னார்கள் என்பது பவல் தரும் விவரம். பவல் பழிவாங்கக் கிளம்பவில்லை. அந்த மக்களோடு தங்கி, அவர்கள் மொழியையும் கதைகளையும் எழுதிக்கொண்டார். கை இல்லாதவர் என்ற பொருளில் கபுராட்ஸ் என்று அவரை அழைத்தார்கள். கொலைக்கு வேறு சிலர் காரணமாக இருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

இரண்டாவது பயணத்தில் என்ன மாற்றினார்?

1871-ல் மறுபடி அதே ஆறு. இந்த முறை அரசு பணம் கொடுத்தது. எல்லா உணவையும் படகிலேயே சுமக்காமல், வழியில் குறிப்பிட்ட இடங்களுக்குத் தரை வழியாக உணவு வந்து சேர ஏற்பாடு செய்தார். படகின் மேல் ஒரு நாற்காலியைக் கட்டி, அதில் உட்கார்ந்து முன்னால் வருவதைப் பார்த்தார். போட்டோகிராபர், நில அளவையாளர் கூட வந்தார்கள். 1872 செப்டம்பரில் வெள்ளம் அதிகமானதும், முழுத் தூரமும் போயே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் கனாப் ஓடையிலேயே பயணத்தை முடித்துக்கொண்டார். மேப்பில் இருந்த வெற்றிடம் நிரம்பியது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1875-ல் வெளிவந்த அறிக்கையில் இரண்டு பயணங்களின் சம்பவங்களையும் ஒன்றாகக் கலந்து 1869-ல் நடந்ததுபோல எழுதினார். இரண்டாவது குழுவினரின் பெயர்களே அதில் இல்லை.

ஆற்றில் கற்ற பாடம்

1881 முதல் 1894 வரை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் இயக்குநராக இருந்தார். அதற்கு முன்பே 1878-ல் வறண்ட நிலங்கள் பற்றி ஓர் அறிக்கை கொடுத்தார். மேற்குப் பகுதியில் மழை போதாது, பாசனம் இல்லாமல் விவசாயம் நடக்காது, இருக்கும் ஆற்று நீர் எல்லா நிலத்துக்கும் எட்டாது, ஆற்றுப் படுகையை வைத்தே நிர்வாகத்தைப் பிரிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நிலம் விற்கத் துடித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1893-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பாசன மாநாட்டில் இதையே சொன்னபோது கூட்டம் கூச்சல் போட்டது. 1902 செப்டம்பர் 23 அன்று மெய்ன் மாகாணத்தில் பவல் காலமானார். இன்று கொலராடோ நீரை நம்பி சுமார் 4 கோடி பேர் இருக்கிறார்கள். அந்த நீரைப் பங்கிடுவதில் 7 மாகாணங்களுக்கு இடையே ஓயாத இழுபறி.

இன்று அந்த ஆற்றில் போக முடியுமா?

முடியும். 1960-ல் வால்டர் கிர்ஷ்பாம் கிராண்ட் கேன்யனின் எல்லாச் சரிவுகளையும் கயாக்கில் கடந்தார். இப்போது சொந்தமாகப் பயணம் போக விரும்புகிறவர்கள் தேசியப் பூங்காத் துறையின் குலுக்கலில் பெயர் வந்தால்தான் இறங்க முடியும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். கிளென் கேன்யன் அணையில் இருந்து திறக்கப்படும் நீர், வெயில் கொளுத்தும் கோடையிலும் ஐஸ் மாதிரி ஜில்லென்று இருக்கும். கவிழ்ந்தால் முதல் எதிரி அந்தக் குளிர்தான்.

அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரிக்கு பவலின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த மூவர் பிரிந்த சரிவு, பின்னாளில் ஹூவர் அணை கட்டப்பட்டபோது மீட் ஏரியின் நீருக்குள் போனது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் இருக்கும் பவல் நினைவுச் சின்னத்தில் குட்மேனின் பெயர் இல்லை. பயணத்தின் கடைசி நாட்கள் வரை துடுப்புப் போட்ட ஹவ்லண்ட் சகோதரர்கள், டன் பெயர்களும் இல்லை. பிற்கால ஆற்றுப் பயணிகள், மூவரும் பிரிந்து போன பள்ளத்தாக்கின் வாசலில் அவர்களுக்காகத் தனியாக ஒரு பலகை பதித்தார்கள்.